மலையில் ஓடும் காரில் பெரிய சவுண்ட் செட்: கரண்ட் கணக்கு முதல் வயரிங் வரை

பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கி மங்கி எரிகிறது என்றால், ஆம்ப் (ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர்) கேட்கும் கரண்ட் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். சமவெளியில் இது வெறும் தொல்லை. குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் தாண்டி மேகம் ரோட்டிலேயே இறங்கி நிற்கும் இரவில் இதே விஷயம் ஆபத்து. வைப்பர் சோம்பலாக நகரும், கண்ணாடி பனிக்கும், எதிரே வரும் பஸ்ஸுக்கு நம் வண்டி சரியாகத் தெரியாது. அதனால் செட் வாங்கும் பட்ஜெட்டில் ஒரு பங்கை வயருக்கும் பேட்டரிக்கும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

மலை ஏறும்போதுதான் கரண்ட் பற்றாமல் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. செகண்ட் கியரில் ஏறும்போது இன்ஜின் 2500, 3000 சுற்றில் ஓடுகிறது. இன்ஜின் சுற்றும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்கு அதைவிட நல்ல வேகம் கிடையாது. இறங்கும்போதும் அப்படியே, கியரில் பிடித்து இறக்குவதால் சுற்று குறையாது. வண்டி நிற்கும் நேரம்தான் சிக்கல். மே மாத சீசனில் பர்லியாறிலிருந்து குன்னூர் வரை நகர்ந்து நகர்ந்து போகும் வரிசை, சேரிங் கிராஸ் நெரிசல், கொடைக்கானல் ஏரிச் சாலை. இ-பாஸ் வந்த பிறகும் வார இறுதிகளில் இது பெரிதாக மாறவில்லை. ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் தன் முழு அளவில் பாதி கொடுத்தாலே அதிகம். ஆகவே இந்த வேலையில் எல்லாக் கணக்கையும் ஒரே நிலைமைக்குப் போடுங்கள்: இரவு, பனிமூட்டம், மழை, இன்ஜின் ஐட்லிங்கில். அதில் தாங்கினால் மற்ற எல்லா நேரத்திலும் தாங்கும்.

வண்டியில் என்ன இருக்கிறது

ஆல்டர்னேட்டர் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் 14 வோல்ட், இத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். ஒர்க்‌ஷாப்பில் டைனமோ என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். நம் ஊர்ச் சிறிய பெட்ரோல் கார்களில் இது பெரும்பாலும் 60 முதல் 90 ஆம்பியருக்குள் இருக்கும். பேட்டரி பல சிறிய கார்களில் 35 ஏஎச்தான் (ஆம்பியர்-அவர், பேட்டரி சேர்த்து வைக்கும் அளவு). டீசல் வண்டிகளில் இரண்டுமே பெரிது. பழைய பொலேரோ வைத்திருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதித் தலைவலி இல்லை.

இப்போது வண்டி தனக்கே எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். எச்4 ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் லோ பீமில் 8 ஆம்பியர். டெயில் லைட், பிரேக் லைட், மீட்டர் விளக்கு சேர்த்து 4. ஃபாக் லாம்ப் 55 வாட் ஜோடி என்றால் இன்னொரு 8. வைப்பர் 4. ப்ளோவர் நடுத்தர வேகத்தில் 7. பின் கண்ணாடியின் பனியைப் போக்கும் டிஃபாகர் 12. இன்ஜின் ஓடுவதற்கு ஃப்யூல் பம்ப், இன்ஜெக்டர், இக்னிஷன், இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.யு. எல்லாம் சேர்ந்து 10. கூட்டினால் 53. ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கினால் 60-ஐத் தாண்டும். 75 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஐட்லிங்கில் 35, 40 தருகிறது என்றால், பாட்டே போடாமல் பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கிறது. கம்பெனிக்காரர்கள் இதைத் தெரிந்துதான் வடிவமைக்கிறார்கள். வண்டி கொஞ்ச நேரத்தில் நகர்ந்துவிடும், போன கரண்ட் திரும்பிவிடும் என்பது அவர்கள் கணக்கு. நீங்கள் செட்டைச் சேர்க்கும்போது அந்தக் கணக்கு உடைகிறது.

மேலே சொன்னவை வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டிக்குச் சரியாகத் தெரிய டிசி அளக்கும் டாங் டெஸ்டர் (வயரைக் கவ்விப் பிடித்துக் கரண்டை அளக்கும் மீட்டர்) ஒன்று வேண்டும். ஏசி கரண்ட் மட்டும் அளப்பது இதற்குப் பயன்படாது, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் தடித்த வயரைச் சுற்றி அதை மாட்டி, ஒவ்வொன்றாக ஆன் செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கையும் சட்டை நுனியும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாதாரண மல்டிமீட்டர் வைத்தும் பாதி உண்மை தெரியும். இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். எல்லா விளக்கையும் போட்டு, ப்ளோவரைத் திருகி, ஐட்லிங்கில் 13-க்குக் கீழே இறங்குகிறதா பாருங்கள். 12.6-க்கும் கீழே போனால் பேட்டரிதான் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறது.

செட் எவ்வளவு கேட்கும்

பெட்டியில் 3000 வாட் என்று பொன் எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். ஆர்.எம்.எஸ். (விடாமல் தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று எழுதியிருப்பது மட்டுமே கணக்கு. டெக்கின் (டாஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) மேல் "50 × 4" என்று போட்டிருப்பதும் உச்ச அளவுதான், உண்மையில் சேனலுக்கு 20 வாட் சுற்றி வரும்.

ஆர்.எம்.எஸ். வாட்டை ஆம்பின் திறனால் (வாங்கும் மின்சாரத்தில் ஸ்பீக்கருக்குத் தரும் பங்கு) வகுத்து, பிறகு வோல்டேஜால் வகுத்தால் கரண்ட் வந்துவிடும். சிக்கனமான கிளாஸ் டி வகை ஆம்ப் என்றால் திறன் 0.8 என்று வைத்துக்கொள்ளலாம். பழைய கிளாஸ் ஏபி என்றால் 0.55, மீதி சூடாகப் போய்விடும். ஓர் உதாரணம்: நாலு ஸ்பீக்கருக்குச் சேனலுக்கு 75 வாட் தரும் ஆம்ப், பேஸ் மட்டும் தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபருக்கு 500 வாட் மோனோ (ஒரே சேனல்) ஆம்ப், இரண்டும் கிளாஸ் டி. மொத்தம் 800 வாட். 800-ஐ 0.8-ஆல் வகுத்தால் 1000, அதை 13.5 வோல்ட்டால் வகுத்தால் 74 ஆம்பியர்.

இது உச்சத்தில். பாட்டு என்பது தொடர்ந்து அடிக்கும் சைரன் இல்லை. சத்தமாகக் கேட்டாலும் சராசரி இதில் மூன்றில் ஒரு பங்குதான், 25 ஆம்பியர் சொச்சம். விடாமல் அடிக்கும் குத்துப்பாட்டு என்றால் பாதி வரை போகலாம். சராசரியை ஆல்டர்னேட்டர் தாங்க வேண்டும், உச்சத்தை பேட்டரி தாங்க வேண்டும், இரண்டையும் வயர் தாங்க வேண்டும். எதை மாற்றுவது என்று குழம்பும்போது இந்த மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் மலைமேல் இருப்பவர்களுக்கு மட்டும். ஆல்டர்னேட்டர் கூடுதலாகச் சுமக்கும் ஒவ்வொரு ஆம்பியரும் இன்ஜினிலிருந்துதான் வருகிறது. 74 ஆம்பியர் என்பது 1000 வாட். ஆல்டர்னேட்டரின் இழப்பையும் சேர்த்தால் இன்ஜின் அதற்காக 2 குதிரைத்திறனுக்கு மேல் கொடுக்கிறது. ஊட்டி 2240 மீட்டர் உயரம். அங்கே காற்று கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. டர்போ இல்லாத இன்ஜினின் பலமும் அதே அளவுக்கு இறங்கிவிடும். 800 சிசி வண்டியில் நாலு பேர் உட்கார்ந்து ஏசியும் போட்டு, லவ்டேல் ஏற்றத்தில் வூஃபரை முழுசாகத் திறந்தால் ஆக்ஸிலரேட்டரில் அது காலுக்கே தெரியும்.

கரண்டைக் கூட்டும் முன்

ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி என்று ஒரு எண் அட்டையில் இருக்கும், 88 டெசிபல், 91 டெசிபல் என்று. 3 டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்கு பாதி வாட் போதும். 88-ஐ விட்டு 91 வாங்கினால் 800 வாட் வேலையை 400 செய்துவிடும், ஆல்டர்னேட்டர் பேச்சே எழாமல் போகலாம். வூஃபரிலும் அப்படித்தான்: ஒழுங்காக அளந்து செய்த போர்ட் பெட்டி (காற்று போக ஒரு துளை விட்டது), மூடிய பெட்டியைவிடக் குறைந்த வாட்டில் அதிக பேஸ் தரும், கொஞ்சம் இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். முன் கதவு இரும்புக்குள் டேம்பிங் ஷீட் ஒட்டினால் ஸ்பீக்கரின் சத்தம் கதவை ஆட்டுவதில் வீணாகாது. இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு ஆல்டர்னேட்டரைவிடக் குறைவு.

ஹெட்லைட்டை எல்.இ.டி.யாக மாற்றினால் கரண்ட் மிச்சமாகுமே என்று கேட்பவர்கள் உண்டு. மிச்சமாகும், ஆனால் ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைத் திணித்தால் வெளிச்சம் கண்டபடி சிதறும். பனிமூட்டத்தில் அது உங்கள் கண்ணிலேயே வெள்ளைத் திரையாகத் திரும்பி அடிக்கும், எதிரே வருபவருக்கும் கூசும். 5 ஆம்பியருக்காக அதைச் செய்ய வேண்டாம். உள் விளக்கு, டெயில் லைட்டில் மாற்றுவது வேறு.

பேட்டரி

குளிர் பேட்டரியை இளைக்க வைக்கும். 25 டிகிரியில் 100 தரும் லெட் ஆசிட் பேட்டரி பூஜ்ஜியத்தில் 80 தந்தால் உண்டு. அதே நேரத்தில் இன்ஜின் ஆயிலும் கெட்டிப்படுகிறது, ஸ்டார்ட்டர் அதிக கரண்ட் கேட்கிறது. ஜனவரியில் தலைகுந்தாவில் புல் வெள்ளை பூத்திருக்கும் காலையில் 35 ஏஎச் பேட்டரி முனகுவது இதனால்தான். அதன் மேல் முந்தைய நாள் இரவு வண்டியை நிறுத்தி வைத்துப் பாட்டும் கேட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். இறக்கத்தில் உருட்டி செகண்ட் போட்டு கிளப்பும் வித்தை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆட்டோமேட்டிக் வண்டியில் அது நடக்காது, இன்ஜின் ஓடாதபோது பிரேக்கும் கல்லாக இறுகிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

மூன்று வயது தாண்டிய பேட்டரி என்றால் எதையும் வாங்கும் முன் அதைக் கடையில் லோட் டெஸ்ட் செய்யுங்கள். பழுதான பேட்டரி தானே ஒரு சுமை. ஆல்டர்னேட்டர் தருவதை விழுங்கிக்கொண்டே இருக்கும். மாற்றும்போது ட்ரேயில் உட்காரும் வரை பெரியதாகப் போகலாம், 35 இருந்த இடத்தில் 45 ஏஎச் பல வண்டிகளில் உட்காரும். முனைகளின் திசை மாறாமல் இருக்க வேண்டும். மேலே அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் சரியாகப் பொருந்த வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும் பேட்டரியைக் கல்லட்டி இறக்கத்தின் 36 வளைவுகளில் கொண்டுபோனால் உள்ளே தகடு கழன்றுவிடும்.

பட்ஜெட் இருந்தால் ஏ.ஜி.எம். வகை (ஆசிடைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சி வைத்து சீல் செய்த பேட்டரி). உள்தடை குறைவு, பேஸ் அடிக்கும் நொடியில் வோல்டேஜ் விழுவது குறையும், அடிக்கடி இறங்கி ஏறுவதையும் சாதாரண பேட்டரியைவிடத் தாங்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை இப்போது ஆடியோ கடைகளில் பெருமையாகக் காட்டுகிறார்கள். எடை குறைவு, வோல்டேஜ் உறுதி, எல்லாம் சரி. ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, செல் நிரந்தரமாகக் கெடும். கோவையில் ஓடும் வண்டிக்கு அது பொருட்டே இல்லை. உறைபனி விழும் இடத்தில் வெளியே நிற்கும் வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கொஞ்சம் கரண்டைச் சேர்த்து வைத்து பேஸ் அடிக்கும் நொடியில் தரும் கபாசிட்டர் வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி. 1 ஃபாரட் கபாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது தரும் ஆற்றல் 26 ஜூல். 500 வாட் வூஃபருக்கு அது ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்தான் வரும். நீல விளக்கும் டிஜிட்டல் எண்ணும் பார்க்க அழகு. அந்தப் பணத்தில் நல்ல வயர் வாங்குங்கள்.

மூன்று வயர்கள்

செலவு குறைவு, பலன் அதிகம் என்றால் அது இந்த வேலைதான். கம்பெனி வயர் கம்பெனி கரண்டுக்கு அளந்து போட்டது, ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடுதலாகத் தர மாட்டார்கள். அதைக் கழற்ற வேண்டாம்; பக்கத்திலேயே தடித்த வயர் மூன்றைச் சேர்க்கிறோம். ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு போல்ட்டிலிருந்து பேட்டரி பிளஸ்ஸுக்கு ஒன்று. பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு ஒன்று. இன்ஜின் பிளாக்கிலிருந்து பாடிக்கு ஒன்று. ஈரத்தில் வருஷக்கணக்கில் ஓடிய மலை வண்டிகளில் கடைசியாகச் சொன்ன எர்த் பட்டை (எர்த் என்பது கரண்ட் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி) பெரும்பாலும் பச்சை பூத்து உள்ளுக்குள் அறுந்திருக்கும். அதை மட்டும் மாற்றியே லைட் மங்குவது நின்ற வண்டிகள் உண்டு.

முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள், கடைசியில் அதை மாட்டுங்கள். ஆல்டர்னேட்டர் போல்ட்டில் எப்போதும் கரண்ட் இருக்கும், மைனஸ் கழற்றாமல் அதில் ஸ்பானர் வைத்தால் பாடியில் பட்டு வெல்டிங் வைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஏர்பேக் உள்ள வண்டியில் மைனஸ் கழற்றிய பிறகு சில நிமிடம் பொறுத்து வேலை தொடங்குங்கள், மஞ்சள் உறை போட்ட வயர் எங்கே இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். அது ஏர்பேக்கின் வயர்.

உதாரண செட்டுக்கு 4 கேஜ், அதாவது 21 சதுர மில்லிமீட்டர் வயர் போதும் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்). 1200 வாட்டைத் தாண்டினால் 0 கேஜ், 53 சதுர மில்லிமீட்டர். முனைகளுக்குச் செம்பு லக் (போல்ட்டில் மாட்டும் வளைய முனை) போட்டு, சுத்தியலால் தட்டாமல் கிரிம்பிங் டூல் வைத்து அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் இறக்குங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் புது வயருக்கு பேட்டரி பக்கம் ஒரு ஃப்யூஸ் கட்டாயம்; கம்பெனி வயருக்குத்தான் கம்பெனி ஃப்யூஸ் இருக்கிறது, உங்கள் வயர் அதைத் தாண்டிப் போகிறது. 75 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 100 ஆம்பியர் ஃப்யூஸ் சரி.

புது வண்டிகளில் பேட்டரி மைனஸ் முனையிலேயே சின்னப் பெட்டி மாதிரி ஒரு சென்சார் இருக்கும். எவ்வளவு கரண்ட் போகிறது, வருகிறது என்று இ.சி.யு.வுக்குச் சொல்வது அது. எந்த எர்த் வயரையும் அந்த சென்சாரைத் தாண்டி நேராக பேட்டரி முனையில் மாட்டக் கூடாது. பாடி பக்கம் மாட்டுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பி சார்ஜிங் கோளாறாகும்.

ஆம்புக்குப் போகும் மெயின் வயர்

பானெட்டிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 74 ஆம்பியர் ஓடும்போது 4 கேஜ் செம்பு வயரில் 0.3 வோல்ட் விழும். 8 கேஜ் போட்டால் 0.77 வோல்ட். இதோடு எர்த் பக்க இழப்பும் சேரும். கிட் என்று சொல்லி விற்கும் வயர்களில் பெரும்பாலானவை செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதன் கடத்தும் திறன் செம்பில் 60 முதல் 65 சதவீதம்தான், 4 கேஜ் என்று வாங்கியது 6 கேஜ் வேலைதான் பார்க்கும். தவிர, மலை ஈரத்தில் அலுமினியம் லக்கின் உள்ளே வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சமவெளியில் சமாளிக்கலாம் என்பார்கள், இங்கே வேண்டாம்.

ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்புக்குப் பக்கத்தில் வைத்த ஃப்யூஸ் ஆம்பை மட்டும் காக்கும். நடுவழியில் வயர் உரசி பாடியில் பட்டால் தீப்பிடிப்பது அந்த 5 மீட்டரில்தான். ஃப்யூஸின் அளவை வயரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்: 4 கேஜ் செம்புக்கு 100 ஆம்பியர். அடிக்கடி போகிறது என்று 150 போடுவது, ஃப்யூஸுக்குப் பதில் வயரையே ஃப்யூஸ் ஆக்குவது.

இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தகடு வழியாக உள்ளே கொண்டுவர, ஏற்கெனவே கம்பெனி வயர் போகும் ரப்பர் குரோமெட் (ஓட்டையின் விளிம்பை மூடும் வளையம்) பக்கத்தில் இடம் பாருங்கள். புதிதாக ஓட்டை போட்டால் விளிம்பை அரத்தால் மழுக்கி, பெயின்ட் தடவி, ரப்பர் குரோமெட் போட்ட பிறகே வயரை நுழையுங்கள். சிலிகான் வைத்து அடைக்காவிட்டால் மழைத் தண்ணீர் வயரோடு வழிந்து டிரைவர் கால் அடியில் தேங்கும். கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் ஐப்பசி கார்த்திகையிலும் இதைச் சரியாகப் பரிசோதித்துக் காட்டிவிடும் மழை.

பானெட்டுக்குள் வயர் மேல் நெளிவுக் குழாய் போடுங்கள். சூடான இன்ஜின் பக்கம் இரவு தங்க வரும் எலி இந்த ஊரில் பஞ்சமில்லை. பவர் வயரை ஒரு பக்க டோர் ஸில்லிலும், டெக்கிலிருந்து பாட்டின் சிக்னலைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. வயரை மறுபக்கத்திலும் கொண்டுபோங்கள். ஒன்றாகக் கட்டினால் இன்ஜின் சுற்றுக்கேற்ப ஏறி இறங்கும் ஒரு விசில் சத்தம் ஸ்பீக்கரில் வரும். ஆம்பை எழுப்பும் ரிமோட் வயர் டெக்கிலிருந்து நீலம்-வெள்ளை நிறத்தில் வரும், அது ஆர்.சி.ஏ. பக்கம் போகலாம். ரிமோட்டை இக்னிஷனில் மாட்டிவிட்டு டெக் அணைந்தாலும் ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்படி விடுபவர்கள் இருக்கிறார்கள், கடையில் வேலை முடிந்ததும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

எர்த்

ஆம்ப் மைனஸை 45 சென்டிமீட்டருக்குள், பவர் வயர் அதே தடிமனில், பாடியின் கெட்டியான இரும்பில் மாட்ட வேண்டும். பெயின்ட்டை இரும்பு பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, லக், ஸ்டார் வாஷர், போல்ட் வைத்து இறுக்குங்கள். ஸீட் பெல்ட் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசி, சுற்றி பெயின்ட் அடித்து மூடுங்கள். தேய்த்த இரும்பை அப்படியே விட்டால் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறி எர்த் போய்விடும். ஸ்டெப்னி குழியில் எர்த் கொடுப்பதும் ஆம்ப் வைப்பதும் வேண்டவே வேண்டாம். டிக்கி ரப்பரில் கசியும் தண்ணீர் முதலில் சேரும் இடம் அது.

ஆம்பைச் சீட்டுக்கடியில் வைப்பதானால் சுற்றிலும் காற்று போக வழி விடுங்கள். மெலிந்த காற்று சூட்டை மெதுவாகத்தான் எடுத்துப்போகும். வெளிக்குளிர் அதை ஈடுகட்டிவிடும் என்றாலும், ஹீட்டர் போட்டு ஜன்னல் மூடிய வண்டிக்குள் அந்தக் குளிர் வருவதில்லை.

ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டுமா

நான் பார்த்தவரை 600, 700 ஆர்.எம்.எஸ். வரை பெரும்பாலான வண்டிகளில் வேண்டியதில்லை. வயரும் எர்த்தும் பேட்டரியும் சரியாக இருந்து, நெரிசலில் சத்தத்தைக் குறைக்கத் தெரிந்திருந்தால் போதும். அதற்கு மேல் போகிறவர்களுக்கு முதல் வழி, அதே இன்ஜின் குடும்பத்தின் டீசல் அல்லது பெரிய மாடலில் வந்த ஆல்டர்னேட்டர் பொருந்துமா என்று பார்ப்பது. போல்ட் துளை, புல்லி பள்ளங்களின் எண்ணிக்கை, கனெக்டர் மூன்றும் ஒத்துவர வேண்டும். இரண்டாவது வழி, கோவையில் ரீவைண்டிங் செய்பவர்களிடம் கொடுத்து அதிக கரண்டுக்கு மாற்றுவது. அப்படிக் கொடுக்கும்போது "எத்தனை ஆம்பியர்" என்று கேட்காமல், "ஐட்லிங்கில் எத்தனை ஆம்பியர்" என்று கேளுங்கள். உச்சத்தைக் கூட்டுவதற்காகக் கீழ்ச்சுற்றில் தருவதைக் குறைத்துவிட்ட ஆல்டர்னேட்டர் நம் நெரிசலுக்கு ஆகாது. உள்ளே ஏசியை டிசியாக மாற்றும் டயோட் பிளேட்டும் அதே அளவுக்கு மாற வேண்டும்.

பெல்ட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கூடுதல் சுமையில் ஈரமான காலையில் பழைய பெல்ட் வழுக்கிக் கீச்சிடும், அந்த நேரம் கரண்ட் வராது.

இதில் கை வைக்கக் கூடாத வண்டிகள் உண்டு. ஸ்மார்ட் ஹைப்ரிட் என்று பெயர் போட்ட மைல்ட் ஹைப்ரிட் கார்களில் ஆல்டர்னேட்டரே ஸ்டார்ட்டராகவும் வேலை செய்கிறது. மின்சாரக் கார்களில் ஆல்டர்னேட்டரே கிடையாது, பெரிய பேட்டரியிலிருந்து கன்வர்ட்டர் ஒன்று 12 வோல்ட் தருகிறது. இவற்றில் சிக்கனமான கிளாஸ் டி ஆம்ப், நல்ல ஸ்பீக்கர் என்று நிறுத்திக்கொள்வதே நல்லது. வாரண்டி உள்ள எந்த வண்டியிலும் கம்பெனி வயரை வெட்டாதீர்கள். டெக்குக்கு, வெட்டாமல் செருக கப்ளர் போட்ட ஹார்னஸ் (வயர்க்கட்டு) கிடைக்கிறது.

நிறுத்தி வைத்துக் கேட்க

ஹட்டியில் (படகர் கிராமத்தில்) கல்யாணம், எஸ்டேட்டில் கிரிக்கெட் மேட்ச், பூம்பாறைப் பக்கம் நண்பர்களோடு ஒரு மதியம் என்றால் வண்டி நின்றபடிதான் பாடும். 35 ஏஎச் பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம் என்றால் 17 ஏஎச். குளிருக்குக் கழித்தால் 14. நடுத்தர சத்தத்தில் 10 ஆம்பியர் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் நிறுத்தியாக வேண்டும். அதற்கு மேல் வேண்டும் என்றால் டிக்கியில் இரண்டாவது பேட்டரி. உள்ளே வைப்பது என்பதால் சீல் செய்த ஏ.ஜி.எம். மட்டுமே, தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், வளைவில் ஆசிட் சிந்தும். இரும்பு ஃபிரேம் செய்து தரையோடு போல்ட் போடுங்கள்.

இரண்டு பேட்டரிக்கும் நடுவே வோல்டேஜ் பார்த்துத் திறந்து மூடும் ரிலே ஒன்று. இன்ஜின் ஓடி வோல்டேஜ் 13.3 சுற்றி ஏறியதும் இரண்டையும் இணைக்கும், நின்று இறங்கியதும் பிரித்துவிடும். ஸ்டார்ட்டிங் பேட்டரி பத்திரம். வயரின் இரண்டு முனையிலும் ஃப்யூஸ் வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கிறது. இரண்டாவது பேட்டரி நிரம்ப நல்ல ஓட்டம் தேவை; டவுனுக்குள் மார்க்கெட், பள்ளிக்கூடம், வீடு என்று மட்டும் ஓடும் வண்டியில் அது நிரம்பவே நிரம்பாது. வாரம் ஒரு நாள் வீட்டுச் சார்ஜரில் போடுங்கள்.

இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் கேட்கும் சத்தத்துக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் தடை போடுகின்றன. முதுமலைக்குள் பகலிலும் செட்டை அணைத்துவிடுவது நல்லது. யானை நிற்பதை மசினகுடி ரோட்டில் பல நேரம் காதால்தான் முதலில் தெரிந்துகொள்ள முடியும்.

சரிபார்ப்பது

எல்லாம் மாட்டியானதும் மைனஸை இணைத்து, செட்டை அணைத்தே வைத்து இன்ஜினைக் கிளப்புங்கள். ஏதாவது லக் சூடாகிறதா, வாடை வருகிறதா என்று ஐந்து நிமிடம் பாருங்கள். அப்புறம் செட்டைப் போட்டு, பேஸ் அதிகமுள்ள பாட்டை நீங்கள் வழக்கமாக வைக்கும் சத்தத்தில் ஓட விட்டு அளவுகளை எடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ், மறுமுனை ஆம்பின் பிளஸ். இதற்கு நீண்ட வயர் ஒன்று வேண்டியிருக்கும். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு பேட்டரி மைனஸுக்கும் ஆம்ப் மைனஸுக்கும் நடுவே: 0.2-க்கு மேல் இருந்தால் எர்த்தை மறுபடி தேய்க்க வேண்டும். ஆல்டர்னேட்டர் போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவேயும் 0.2 தாண்டக் கூடாது.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் லைட் மங்கினால், பேட்டரி முனையிலேயே வோல்டேஜைப் பாருங்கள். பேஸ் அடிக்கும் நொடியில் மட்டும் விழுந்து எழுந்தால் பேட்டரி சிறிது அல்லது பழசு. மெதுவாக இறங்கிக்கொண்டே போய் ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஏறினால் ஆல்டர்னேட்டர் பற்றவில்லை. மிதித்தும் ஏறவில்லை என்றால் பெல்ட் அல்லது வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு.

ஆம்பின் கெயினை (டெக்கிலிருந்து வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகு) ஒரு பாட்டில் உடைசல் கேட்கும் இடம் வரை திருப்பி, அதிலிருந்து கொஞ்சம் பின்னுக்கு இழுத்து வையுங்கள். உடைந்த சத்தம் ஸ்பீக்கரைப் பொசுக்குவதோடு தேவையில்லாமல் கரண்டையும் தின்னும். சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன வோல்ட்மீட்டர் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் வண்டியில் 13-க்குக் கீழே இறங்கினால் சத்தத்தைக் குறையுங்கள், நின்ற வண்டியில் 12.2 வந்தால் நிறுத்துங்கள். மழைக்காலம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கி, லக்குகளில் பச்சை பூத்திருக்கிறதா பார்த்து, ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து ஈரம் துடைத்து ஜெல்லி பூசுங்கள்.